தூங்குகிறவரை எழுப்பாத வீடு

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் பஸ் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இங்கே வேறு வழியில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும். பல ஊர்களில் உட்கார்ந்துகொண்டு பலர் ஒரே மென்பொருளை எழுதுகிறார்கள். ஒருவர் எழுதி அனுப்பியதும் எங்கோ இருக்கிற ஒரு இயந்திரம் அதை எடுத்து, அதற்குத் தேவையான பிறருடைய நிரல்களைக் கொண்டுவந்து சேர்த்து, சோதித்து, பொட்டலம் கட்டி, வாடிக்கையாளருக்கு அனுப்பி வைக்கிறது. மனிதக் கை படாது. இதற்கு பில்டு என்று பெயர். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு ஸ்டெப். ஒரு ஸ்டெப் தோற்றுப்போனால் அதை நம்பியிருக்கும் அடுத்த ஸ்டெப்புகள் ஓடக் கூடாது, நம்பியிராதவை ஓடலாம். மாவு புளிக்கவில்லை என்றால் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவதில் அர்த்தமில்லை, ஆனால் சட்னி அரைப்பதை எதற்கு நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எது எதை நம்பியிருக்கிறது, எது உடைந்தால் எது நிற்க வேண்டும், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிவைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இதை நான் நெய்வேலியில் உட்கார்ந்து செய்கிறேன். டவுன்ஷிப்புக்குள் அல்ல, நுழைவாயில் ஆர்ச்சுக்கு வெளியே வடக்குத்து என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில். கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது. அவர்களுடைய பகல் எனக்கு இரவு. விடியும்போது மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தால் பிற்பகலில்தான் எழுந்திருப்பேன். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்.

அப்பா இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில், மண்ணையும் கரியையும் கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். ஷிஃப்ட் வேலைக்காரர் இருக்கிற வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு, அதை யாரும் எழுதிவைத்ததில்லை: நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. நைட் ஷிஃப்ட் விழுகிற வாரம் முழுக்க எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது, அம்மா வடித்துத்தான் சமைப்பார். காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிடுவோம். பால்காரர்கூட ஜன்னல் திரை போட்டிருந்தால் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் பேசுவதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான். ஒருமுறை நான் டம்ளரைக் கீழே போட்டதற்கு அம்மா அடிக்கவில்லை. ஆனால் ஒரு பார்வை பார்த்தார், அதற்கு அடியே தேவலாம். "தூக்கம் கெட்டவன் பெல்ட்டுகிட்ட போய் நின்னா கை இருக்குமா கால் இருக்குமா?" என்பார். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது பயம். எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது.

ஒருமுறை, வளையமாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த பெரியப்பா இறந்துபோன சேதியை ஓர் ஆள் காலையில் கொண்டுவந்தார். அப்பா அப்போதுதான் படுத்திருந்தார். அம்மா அந்த ஆளைச் சமையலறையில் உட்காரவைத்து காபி கொடுத்து, அப்பா தானாக எழுகிற வரைக்கும் காத்திருந்தார். அந்த மனிதரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. எழுந்து சேதியைக் கேட்ட அப்பா "எழுப்பாததும் நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். இதைச் சென்னையில் என்னோடு படித்தவளிடம் சொன்னபோது, "என்னடி குடும்பம் உங்க குடும்பம்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு அதுதான் பாசம் என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

அம்மா இறந்துபோனார். அப்பாவுக்கு ஓய்வு வந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இப்போது நைட் ஷிஃப்ட் எனக்கு. சட்டத்தைக் காப்பாற்றுவது அப்பாவின் முறை. அவர் டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பார், செய்தி வாசிக்கிறவர்களின் வாய் மட்டும் அசையும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த்தான் போடுவார். மத்தியானம் சமைத்து, தான் சாப்பிட்டுவிட்டு, எனக்கு மூடி வைத்துவிடுவார். நான் எழுந்து சாப்பிடுகிற நேரத்தில் அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இருப்பேன். ஒரே கூரையின் கீழ் இருவரும் ஆளுக்கொரு ஷிஃப்டில் இருந்தோம், கைமாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூட இல்லாமல்.

வேலையிலும் அதே கதைதான். பில்டு ஓடி முடிந்தால் திரையில் பச்சை விழும், உடைந்தால் சிவப்பு. பச்சையாக இருக்கிற வரைக்கும் நான் ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. சிவப்பு விழுந்தால்தான் ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். நான் என் வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்ய என்னிடம் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சில வாரங்களில் என் குரலை நானே கேட்பது, காய்கறி வண்டிக்காரரிடம் தக்காளி என்ன விலை என்று கேட்கும்போதுதான். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பழகாது. சத்தம் போடாமல் இருக்கத்தான் பழகிக்கொள்வோம்.

எங்கள் பில்டில் ஒரு ஸ்டெப் இருந்தது. வெளியாட்கள் எழுதிய நிரல்களைப் புதிதாகக் கொண்டுவந்து, அவற்றில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்டெப். அது அடிக்கடி தோற்கும். தோற்றால் பின்னால் இருக்கிற எல்லாம் நிற்கும். எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். "அது தோத்தா தோத்துட்டுப் போகட்டும், மத்ததை நிறுத்தாதே" என்றார் மேலாளர். வேண்டாம் என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னபடி மாற்றினேன். அன்றிலிருந்து அந்த ஸ்டெப் தோற்கும்போது சிவப்புக்குப் பதிலாக மஞ்சள் விழுந்தது. தோல்விதான், ஆனால் பரவாயில்லை என்று அர்த்தம். பின்னால் இருக்கிற ஸ்டெப்புகள் அது கொண்டுவர வேண்டிய புதியதற்குப் பதில் முன்பு எப்போதோ கொண்டுவந்து வைத்த பழையதை எடுத்துக்கொண்டு ஜோராக ஓடின. மஞ்சளைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் கண் பழகிவிட்டது, எனக்கும்தான்.

ஒருநாள் பிற்பகல் எழுந்து கூடத்துக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்துவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"எழுந்துட்டியா பாப்பா? டீ போடட்டுமா?"

"கண்ணுல என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் தெரியல."

"தெரியலன்னா?"

"ஷேவ் பண்ணிக்கினு இருந்தேன். லைட்ட அணைச்ச மாதிரி ஆயிடுச்சு. வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"எப்பலேர்ந்துப்பா?"

"காலையிலேர்ந்துதான். நீ அப்பத்தான் படுத்த."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. "எழுப்ப வேண்டியதுதானே? ஒரு குரல் குடுக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன். அவர் என்னை ஒரு கண்ணால் பார்த்து, "தூங்கிக்கினு இருந்தியேம்மா" என்றார், வேறு காரணமே தேவையில்லை என்பதுபோல.

கார் பிடித்துப் பாண்டிச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பண்ருட்டியைத் தாண்டும்போது சாலையோரம் பலாப்பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அப்பா இடப்பக்கம் தலையை முழுக்கத் திருப்பி, "இந்த வருஷம் நல்லா காய்ச்சிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார் என்று அடக்கிக்கொண்டேன்.

கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். அடைத்த உடனே வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம், இனி அந்தக் கண்ணுக்குப் பார்வை வராது என்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அடைத்தது கண்ணில், அடுத்தது மூளையில் அடைக்கலாம். வாய் கோணினாலும், கை தூக்க வரவில்லை என்றாலும், பேச்சு குழறினாலும், மிஞ்சியிருக்கிற கண் மங்கினாலும், அந்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும். மருந்து கொடுக்க இருக்கிற நேரம் கொஞ்சம்தான். "அவர் உடனே உங்ககிட்ட சொல்லணும், அதுதான் முக்கியம்" என்றார். நான் தலையாட்டினேன். இந்த மனிதர் உடனே சொல்வாரா என்பதில்தான் இனி அவர் உயிர் இருக்கிறது என்று புரிந்தது.

அப்பாவுக்கு ஏதோ சோதனை நடந்துகொண்டிருந்தபோது வராந்தாவில் மடிக்கணினியைத் திறந்தேன். பில்டு ஓடி முடிந்திருந்தது. எல்லாம் பச்சை, நடுவில் அந்த ஒரு மஞ்சள். தோல்விதான், ஆனால் பரவாயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டேன். இனி அது தோற்றால் எல்லாம் நிற்கட்டும்.

நின்றது. அடுத்த நாள் அடுத்தடுத்துச் சிவப்பு. யாராலும் எதையும் வெளியே அனுப்ப முடியவில்லை. மேலாளர் கூப்பிட்டு, யாரைக் கேட்டு மாற்றினாய் என்று குதித்தார். "அது ஏன் தோக்குதுன்னு ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பார்த்தார்கள். பழைய நிரல் ஒன்றில் பெரிய ஓட்டை இருந்திருக்கிறது, அந்த ஸ்டெப் வெகுகாலமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதையே எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆளாளுக்கு உட்கார்ந்து சரிசெய்தார்கள். பச்சை விழுந்தது. என் போன் பழையபடி அமைதியானது.

பில்டைத் திருத்துவது சுலபம், ஒரு வரியை அழித்தால் போதும். அப்பாவை என்ன செய்வது? பகல் நேர வேலை கேட்டேன், இல்லை என்றார்கள். பகலில் துணைக்கு ஆள் வைக்கலாம் என்றேன். "எனக்கு ஆளா? நான் என்ன கொழந்தையா?" என்று அப்பா மறுத்துவிட்டார். ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி, மணியை என் தலைமாட்டில் வைத்து, பட்டனை அவர் சட்டைப் பையில் போட்டேன். மறுநாள் பட்டன் ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்தது.

"தெரியாம கை பட்டு அடிச்சிட்டா நீ எழுந்துக்குவியே" என்றார்.

அவராகச் சொல்ல மாட்டார் என்பது தெளிவாகிவிட்டது. இதற்கும் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு ஸ்டெப் தன் தோல்வியைத் தானே வந்து சொல்லும் என்று நம்பக் கூடாது. நன்றாக இருக்கிறேன் என்று அது அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் போனில் அப்படி ஒன்றை எழுதிப் போட்டேன். அவ்வப்போது போன் அதிரும், திரையில் "சரி" என்று ஒரு பெரிய பொத்தான் வரும். அவர் அழுத்தாவிட்டால் என் போன் ஊரைக் கூட்டும். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. டியூட்டி மாதிரி ஒழுங்காக அழுத்தினார். தினமும் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சரி, சரி, சரி. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஒருநாள் எழுந்து வந்து பார்க்கிறேன், அப்பாவின் முழங்காலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கண்ணில் படியின் ஆழம் தெரியாமல், பின்பக்கம் துணி உலர்த்தப் போனவர் விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியாமல் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். போனில் அன்றைக்கும் எல்லாம் சரி.

"கீழ விழுந்து கெடந்தப்பவும் சரின்னு அழுத்தியிருக்கியேப்பா."

"போன் பையிலதான் இருந்துச்சு. அழுத்தினேன்."

"எதுக்கு அழுத்தின?"

"சரியாத்தான இருந்தேன்? கால்தான் செராய்ச்சிடுச்சு."

அன்றைக்குப் போட்ட சண்டைபோல நாங்கள் எப்போதும் போட்டதில்லை. பெல்ட்டில் வேலை பார்த்த மனுஷன்தானே நீ, ஒரு பெல்ட் நின்றால் அதில் மண்ணைக் கொட்டுகிற முந்தைய பெல்ட்டும் தானாக நிற்கும் இல்லையா, அது யார் தூங்குகிறார்கள் என்று பார்த்தா நிற்கும் என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

"அது பெல்ட்டும்மா" என்றார். "நீ ராவெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வந்து படுக்கற புள்ள."

"சின்னதா பெருசான்னு நீயா முடிவு பண்ணாத. அதை நான் சொல்றேன்."

"அப்ப எதுக்குத்தான் எழுப்பறது? நீயே சொல்லு."

"எதுக்கு வேணும்னாலும் எழுப்பு. ஒண்ணுமே இல்லன்னாலும் எழுப்பு. நீ இந்த வூட்டுல தனியா செத்துக் கெடந்து நான் எழுந்து வந்து பாக்கணுமா? அதுதான் வேணுமா உனக்கு?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்பா காலைத் தாங்கித் தாங்கி உள்ளே போனார். அதற்குப் பிறகு சில நாட்கள் எங்களுக்குள் பேச்சே இல்லை. முன்பும் அதிகம் பேசவில்லைதான். ஆனால் முன்பு இருந்தது தூங்குகிறவர்களுக்காக இருந்த மௌனம், இது அப்படி இல்லை. நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, அவர் நடக்கிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். அவர்தான் சத்தம் போடாமல் நடக்கிறவராயிற்றே. ஒன்றும் கேட்காது. பயத்தோடு தூங்கிப்போவேன்.

அப்படி ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

பலமாக இல்லை, விரல் முட்டியால் லேசாக. நான் எப்படி எழுந்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. அப்பா நின்றுகொண்டிருந்தார். தோளைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து முகத்தைப் பார்த்தேன். வாய் கோணியிருக்கிறதா?

"சிரிப்பா."

"என்னாத்துக்கு?"

"சிரின்னா சிரியேன்."

சிரித்தார். நேராகத்தான் இருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், போலீஸ்காரரைப் பார்த்தவர்போலத் தூக்கினார். நல்ல கண்ணுக்கு எதிரே விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். சரியாகச் சொன்னார்.

"பின்ன என்னப்பா? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லன்னாலும் எழுப்பச் சொன்னியே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். "சோறு போட்டுக்கினு உக்காந்தேன். எறங்கல."

"வயித்த வலிக்குதா? நெஞ்சு அடைக்குதா?"

"அதெல்லாம் இல்ல பாப்பா. தனியா உக்காந்து துன்ன முடியல. அவ்ளோதான்."

கூடத்தில் தட்டு இருந்தது. சோற்றைப் பிசைந்து, பிசைந்தபடியே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னிக்குத்தானா? இல்ல, ரொம்ப நாளாவேவா?"

அப்பா வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டார். "அம்மா போனதுலேர்ந்துதான்" என்றார்.

நான் முகம்கூடக் கழுவாமல் போய் அவர் தட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் காலை மெதுவாக மடக்கி உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

"உன் தூக்கம் கெட்டுப்போச்சே" என்றார்.

"கெடட்டும்ப்பா. எனக்கும் ஒரு தட்டு போடு."